சிகுசாவின் காலரிலிருந்து எழுந்த புகை

கோரியாமா நகரில் குழாய் உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்த நுகாதா சிகுசாவின் சட்டைக் காலரிலிருந்து, அவள் சென்டாய் நகருக்குப் போய்வந்த நாள் முதல் புகை வந்துகொண்டிருக்கிறது. மரக்கரியில் மாட்டு நாக்கு சுடும்போது வருகிற அதே புகை. தீயணைப்புத் துறையினர் வந்து பார்த்தார்கள். தீ எதுவும் இல்லை என்றார்கள், பசிக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஆண்டு வெள்ளரிக்காய் விலை ஏறியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

சிகுசா அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் பீச் பழத் தோட்டத்தில் காய்களுக்குக் காகித உறை கட்டுகிறவர்கள். கணக்கியல் படித்துவிட்டு வந்தவளிடம் நிறுவனம் கொடுத்தது தேநீர்த் தட்டும், கறி சுடுகிற இடுக்கியும். யாராவது புதிதாகச் சேர்ந்தாலும், ஓய்வு பெற்றாலும், ஆண்டு முடிந்தாலும், நடுவில் அடுப்புப் பதித்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து கறி சுட்டுத் தின்பார்கள். கதவோர இருக்கை இளையவளுக்கு. அவள் சுடுவாள், திருப்புவாள், பிரிவுத் தலைவர் கமோவின் தட்டில் முதலில் வைப்பாள், எவன் குவளையும் காலியாகும் முன் பீர் ஊற்றுவாள். எல்லோரும் பல் குத்த ஆரம்பித்த பிறகு அடுப்பின் கம்பிவலையில் ஒட்டிக் கரிந்திருப்பதைச் சுரண்டித் தின்பாள். இதற்குப் பல்கலைக்கழகத்தில் தேர்வு எதுவும் வைக்கவில்லை. கறி தனக்குப் பிடிக்காது என்றே அவள் நம்பியிருந்தாள். ஆறிப்போன கரியை மட்டும் தின்றவள் வேறென்ன நம்புவாள்? வாய் திறந்து கேட்கவும் முடியாது. அவளுடைய வேலை ஆண்டு ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மார்ச்சிலும் கமோவின் முத்திரை விழுந்தால்தான் அடுத்த ஆண்டுச் சோறு.

நிறுவனத்தின் இலையுதிர்காலச் சுற்றுலா அந்த முறை சென்டாய்க்குப் போனது. மதியம் மாட்டு நாக்கு சுட்டுத் தரும் கடை. ஆண்கள் எல்லோரும் மாடிப் பாய் அறைக்கு ஏறினார்கள். ஒரு ஆளுக்கு இடம் குறைந்தது. எந்த ஆளுக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. சிகுசா கீழே, கரியடுப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அடுப்பில் நின்றவள் தொகாஷி என்ற பெண். விரல் தடிமனில் அரிந்து குறுக்கே கீறி உப்பில் ஊறவைத்த நாக்குத் துண்டுகளை அவள் வலையில் பரப்பியதும், சிகுசாவின் கை தானாக நீண்டு இடுக்கியைப் பிடித்துவிட்டது. சென்டாயில் கடைக்காரர்தான் சுடுவார், விருந்தாளி அடுப்பைத் தொடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியாது.

"ஏய், கையை எடு. சுட்டுக்கப் போற."

"திருப்பணும்க்கா, கருகிடும்."

"கருகுதா இல்லையான்னு பாக்க எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. உனக்கு யாரு குடுக்கறா? உன் வேலை திங்கிறது. சூடா இருக்கறப்பவே தின்னு."

வாற்கோதுமை கலந்த சோறு, மாட்டுவால் சூப், மிசோ என்ற சோயா விழுதில் ஊறிய பச்சைமிளகாய், நடுவில் இன்னும் சீறிக்கொண்டிருந்த நாக்கு. சிகுசா கடித்தாள். பல்லோடு முதலில் முரண்டு பிடித்தது, பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்தது, உப்பும் கொழுப்பும் கரிவாசமும் ஒன்றாக இறங்கின. உலகத்தில் தனக்கு மிகப் பிடித்த உணவு இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அடுத்த துண்டைக் கடிக்கும்போது கோபம் வந்தது. இவ்வளவு நாளும் அவள் கையால் சுட்டதை, இப்படிச் சூடாக, இத்தனை பேர் தின்றிருக்கிறார்கள்.

மாடிப்படியில் கமோவின் தலை தெரிந்தது. "ஏம்மா நுகாதா, எங்க போய் உக்காந்திருக்க? மேல குவளையெல்லாம் காஞ்சு கிடக்கு."

"வாயில கறி இருக்கு, தலைவரே."

"முழுங்கிட்டு வா."

"மெல்லாம முழுங்க வராது."

அப்போது மேலே ஏறிக்கொண்டிருந்த புகை வளைந்து, கீழிறங்கி, அவள் காலருக்குள் நுழைந்தது. தொகாஷி அதைப் பார்த்தாள். "உள்ள போயிடுச்சு. துவைச்சாலும் போகாது," என்று சோயா கறையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு இன்னொரு தட்டு வைத்தாள்.

துவைத்தும் போகவில்லை, சட்டை மாற்றியும் போகவில்லை. அலுவலகத்தில் சும்மா இருக்கும்போது ஊதுவத்தி அளவு வரும். யாராவது "நுகாதா, ஒரு டீ" என்றால் அறையின் மறுகோடி தெரியாது. அம்மா தொலைபேசியில் அழுதாள்.

"பொறுத்துக்கம்மா. நான் பொறுக்கலையா?"

"நீ கடைசியா எப்பம்மா சூடா சாப்பிட்ட?" என்று கேட்டாள் சிகுசா.

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "சூப்பு சூடாத்தான் இருக்கும். வைக்கிறப்போ."

டிசம்பர் விருந்தில் கமோ இடுக்கியை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதை எடுத்து அவர் தட்டின் மேல் வைத்தாள்.

"மார்ச்சு மாசம் ஞாபகம் இருக்கில்ல?" என்றார் கமோ.

"இருக்கு. திருப்புங்க தலைவரே, கருகுது."

புகை கூரை வரை நிறைந்தது. அதற்குள் அமர்ந்து அந்த ஆண்கள் தங்கள் கையால் கறி சுட்டார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள். ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் கரியாகவும் தின்றார்கள். மறுநாள் பாதிப் பேர் வயிற்றுவலி என்று அலுவலகத்துக்கு வரவில்லை. சிகுசா தனக்கு நான்கு துண்டு சுட்டு, சூடாகத் தின்று, வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

மார்ச்சில் முத்திரை விழவில்லை. இதில் அதிசயம் ஏதுமில்லை. ஏழை வீட்டுப் பெண்ணின் பட்டம் அவர்களுக்கு ஒரு முத்திரைக் கட்டை அளவுகூடக் கனமில்லை. வசந்தத்தில் அவள் இடத்துக்கு வந்த பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்டாய்க்குப் போய்வந்தாள். திங்கட்கிழமை அவள் காலரிலும் புகை. அதற்கடுத்து வந்தவளுக்கும் அப்படியே. நிறுவனம் கூரையில் புகை இழுக்கும் பெரிய காற்றாடி ஒன்றை மாட்டிவிட்டு, தேநீர் இயந்திரம் வாங்கியது. கமோ ஓய்வு பெறும்வரை கறியைத் தானே திருப்பினார், கடைசிவரை கருக்கினார்.

சிகுசாவுக்கு ஒரு லாரிக் கொட்டகையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அங்கே எல்லோர் மேலும் ஏற்கெனவே டீசல் வாடை. முதல் சம்பளத்தில் அம்மாவை ரயிலேற்றிச் சென்டாய்க்குக் கூட்டிப்போனாள். அடுப்பெதிரே உட்கார்ந்ததும் அம்மாவின் கை இடுக்கிக்கு நீண்டது. தொகாஷி தலை நிமிராமலே, "இது உங்க வீட்டு வழக்கமா? கையை எடுங்கம்மா," என்றாள். அம்மா எடுத்தாள். மென்றாள். இன்னொரு துண்டும் எடுத்தாள். பிறகு, "உங்கப்பாவுக்கு நாப்பது வருஷமா நான்தான் மீன் சுடுறேன்," என்று மட்டும் சொன்னாள், திட்டுகிற குரலில்.

இப்போது பீச் தோட்டத்துப் பக்கம் ஒரு வீட்டுக் கூரையின் மேல் சாயங்காலம் அதே நாக்கு சுடும் புகை அடர்ந்து எழும். தெருவில் யாரும் தீ என்று மணியடிப்பதில்லை. நுகாதா வீட்டம்மா சாப்பிட உட்கார்ந்துவிட்டாள் என்று சொல்லி, காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள்.