புதன்கிழமை கழுவிய வீடு

10.06.1992, புதன்.
இன்று செய்த பிழை: யன்னல் சீலைகளைத் தோய்த்து முன்வேலியில் காயப்போட்டேன். கிணற்றடிக் கொடியில் போட்டிருக்கலாம். சிறிய பிழைதான் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் இதை எழுதியபோது அருந்ததிக்கு அது சிறியதாகத்தான் தெரிந்தது. கணக்கியல் பின்னேர வகுப்பில் பழகிய வழக்கம் இது. கூட்டல் பிசகினால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் பிழையை எழுதிவிட வேண்டும். எழுதிய பிறகும், எழுதியது சரிதானா என்று இன்னொரு தடவை பார்க்கிற சுபாவம் அவளுக்கு.

வெள்ளிக்கிழமை அவளும் தாய் பூரணமும் கிளாலிக் கரைக்குப் போய்க் கடலேரியைக் கடக்கப் படகு ஏற வேண்டும். பூரணத்துக்கு இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டு போயின. கொழும்பில் ஒப்பரேஷன் செய்து வெட்டினால் ஒரு கண்ணையாவது காப்பாற்றலாம் என்று டொக்டர் எழுதித் தந்த துண்டைக் காட்டித்தான் ஊரை ஆளும் இயக்கத்திடம் வெளியே போகப் பாஸ் எடுத்தார்கள். ஒரு மாதத்துப் பாஸ். மாதம் முடியத் திரும்பி வருவார்கள் என்று மார்க்கண்டு மாமா பிணை நின்றிருந்தார்.

ஆனால் அவர்கள் திரும்பி வருவதாக இல்லை. கண் வெட்டிய கையோடு கனடாவிலிருக்கும் அண்ணையிடம் போவதாக ஏற்பாடு. மாமாவுக்கும் அது தெரியும். “இந்தக் கிழவனை என்ன செய்யப் போகினம்” என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். விஷயம் வெளியே தெரிந்தால் பாஸ் போய்விடும். பாஸ் போனால் கண்ணும் போய்விடும்.

தாயும் மகளும் வாயை இறுக்கித்தான் வைத்திருந்தார்கள். கைதான் காட்டிக் கொடுத்தது.

வீடு வினிபிரட் அக்காவுடையது. கொழும்புப் பக்கம் தெகிவளைக்குப் போகுமுன், நிலத்தில் சோற்றைக் கொட்டி அள்ளித் தின்னலாம் என்கிற மாதிரித் துப்புரவாக்கி அவர் அதை வாடகைக்குக் கொடுத்திருந்தார். சைவக்காரர் வீட்டை நாறடித்துவிட்டுப் போனார்கள் என்று சேர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரி நாளைக்குச் சொல்லிவிடக் கூடாது என்பது பூரணத்தின் பிடிவாதம். ஆகவே அருந்ததி விடியவே தொடங்கிவிட்டாள். முதலில் கூரை ஒட்டறை. பிறகு சுவர். குசினிச் சுவரில் ஏறியிருந்த கரியைத் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சினாள். அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளி வெளியே வைத்துவிட்டு அடுப்பைச் சாணியால் மெழுகினாள். கரிக்கேத்திலைப் பழப்புளி போட்டுத் தேய்த்ததில் அது கலியாண வீட்டுக் கேத்தில் போல மின்னியது. பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த இரண்டு கட்டிச் சவர்க்காரத்தை என்ன செய்வது என்று யோசித்தாள். படகில் கொண்டுபோகிற சாமானா அது? இரண்டையும் யன்னல் சீலைகளுக்கே போட்டாள்.

மத்தியானம் அவள் கொப்பியை மூடிய கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுத் தங்கமுத்து அக்கா வேலிக்கு மேலாலே தலையை நீட்டினாள். முன்வேலிச் சீலைகளை ஒரு தடவை பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

“என்னடி பிள்ளை, ஒழுங்கை முழுக்கச் சவர்க்கார வாசம்? நாங்கள் தலைக்கு வைக்கவே ஒரு துண்டு இல்லாமல் கிடக்கிறம். நீ சீலைக்குப் போட்டு நுரை தள்ளுறாய்.”

“சும்மாதான் அக்கா. ஊத்தையாய்க் கிடந்தது.”

“அப்ப வீடும் சும்மாதான் கழுவினியோ? புதன்கிழமையிலை?”

வெள்ளிக்கிழமையென்றால் யாரும் ஒரு சொல் கேட்கமாட்டார்கள். பொங்கலா, தீபாவளியா, ஒன்றுமில்லை. சும்மா ஒரு புதன்கிழமையில், இந்தச் சவர்க்காரப் பஞ்சத்தில், வீட்டை அடியோடு கழுவுகிறவள் யார்? அந்த வீட்டை விட்டுப் போகிறவள்தான்.

“காய்ச்சல் பரவுதாம் அக்கா” என்று எதையோ உளறினாள்.

“ஓமோம். காய்ச்சல்தான்” என்று சொல்லித் தங்கமுத்து தலையை இழுத்துக்கொண்டாள்.

சீலைகளை எடுக்க அருந்ததி முன்னுக்கு ஓடியபோது படலையடியில் ஒரு சைக்கிள் நின்றது. சைக்கிளில் இருந்தவரை அவளுக்குத் தெரியும். பாஸ் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்து, “ஒரு மாதம்தானே?” என்று மூன்றுமுறை கேட்டவர். அவர் சீலைகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“என்ன, வீடு மாறுறியளோ?”

“இல்லை. அப்பிடியொண்டும் இல்லை.”

“பின்னேரம் ஒருக்கா வாறன். அம்மான்ரை துண்டையும் எடுத்து வையுங்கோ.”

சைக்கிள் போய்விட்டது. அருந்ததி சீலைகளை அள்ளிக் கொண்டுவந்து உள்ளே எறிந்தாள். கோடு கிழித்துத் திருத்த இது கணக்கல்ல என்று தெரிந்தும் புத்தி அந்தப் பக்கமே போனது: கழுவினதுதான் பிழை என்றால் கழுவாத மாதிரி ஆக்கிவிட்டால் என்ன? வெளியே வைத்திருந்த சாம்பல் வாளியைத் தூக்கி வந்து குசினி நிலத்தில் கை கையாக விசிறினாள். ஈர நிலத்தில் சாம்பல் அப்பிக்கொண்டது. அது அழுக்கு வீடு மாதிரி இல்லை. யாரோ வேண்டுமென்று சாம்பல் கொட்டிய வீடு மாதிரித்தான் இருந்தது.

பூரணம் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள்.

“என்னடி இது, காலுக்கை நறுநறுக்குது?”

“சாம்பல் அம்மா.”

“இப்பத்தானேயடி கழுவினாய்!”

“பேசாமல் இருங்கோ அம்மா. அந்தாள் வரப் போறார்.”

பூரணம் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

வெயில் சாயமுன் அவர் வந்துவிட்டார். விறாந்தையில் நின்று டொக்டரின் துண்டை வாசித்தார். “தண்ணி கொஞ்சம் தாங்கோ” என்றவர் அவளுக்குப் பின்னாலேயே குசினி வாசல்வரை வந்தார். மெழுகிய அடுப்பு. மின்னுகிற கேத்தில். நிலம் முழுக்கச் சாம்பல். அவர் தண்ணீரைக் குடிக்காமல் செம்பைக் கையில் வைத்திருந்தார்.

“கழுவின நிலத்திலை ஏன் சாம்பல்?”

காய்ச்சல் என்று சொல்வதா, பூச்சி என்று சொல்வதா? எது சரியாக இருக்கும் என்று அருந்ததி எடைபோட்டுக்கொண்டே நின்றாள். நிற்க நிற்கச் சந்தேகம் கூடும் என்பதும் தெரிந்தது.

அந்தக் கேள்வி வேலிக்கு அங்காலும் கேட்டிருக்க வேண்டும். ஆள் நுழையுமளவு வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து தங்கமுத்து வந்தாள். கையில் ஒரு தும்புத்தடி.

“எடியே, இன்னும் தேய்ச்சு முடியேல்லையோ? எண்ணெயைக் கொட்டினால் சாம்பல் போட்ட உடனை தேய்க்க வேணும் எண்டு சொன்னனான் எல்லோ!” என்றவள், அப்போதுதான் அவரைக் கண்டவள் போல நின்றாள். “ஆ, தம்பியோ? நீங்களே சொல்லுங்கோ. நாளைக்கு இவளைப் பொம்பிளை பாக்க வருகினம். பலகாரச் சட்டியைத் தட்டிவிட்டிட்டு நிக்கிறாள். உவளைக் கட்டுறவன் பாவம்.”

“பொம்பிளை பாக்கவோ?”

“ஓம். தாய்க்குப் பார்வை இருக்கேக்கையே ஒண்டை முடிப்பம் எண்டுதான். வேறை என்னத்துக்குத் தம்பி, இந்தப் பஞ்சத்திலை சவர்க்காரம் போட்டுச் சீலை தோய்ப்பினம்?”

அவர் அருந்ததியின் முகத்தைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள். பயத்தில் குனிந்தது, பார்க்கிறவருக்கு வெட்கமாகவே தெரிந்திருக்கும்.

“மாப்பிள்ளை எந்தப் பக்கம்?”

“மயிலிட்டிப் பக்கத்து ஆக்கள். இப்ப இடம்பெயர்ந்து கொடிகாமத்திலை.”

அவர் தண்ணீரைக் குடித்தார். துண்டைத் திருப்பிக் கொடுத்தார். “நாளைக்குப் பின்னேரம் இந்தப் பக்கம் அலுவல் இருக்கு. எட்டிப் பாக்கிறன். பலகாரம் வையுங்கோ” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு வேடிக்கையா, எச்சரிக்கையா என்று அருந்ததியால் பிரித்தறிய முடியவில்லை.

சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடக்கைத் தாண்டியதும் பூரணம் நிலத்தில் குந்திவிட்டாள். தங்கமுத்து தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள்.

“அக்கா…” என்றாள் அருந்ததி.

“ஒண்டும் சொல்லாதை. எனக்குத் தெரியாமல் இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது.” குரல் தணிந்திருந்தது. “ஆனால் பிள்ளை, அந்தாள் நாளைக்கு வருவான். கட்டாயம் வருவான். என்ரை மச்சாளையும் அவளின்ரை மோனையும் கூட்டிக்கொண்டு வாறன். அவன் கொன்னையன், சொல் திக்கும், கனக்கக் கதைக்கமாட்டான். நீ ஒழுங்காய்ச் சேலை உடுத்து நில். கணக்குப் பாக்கிற மாதிரி முழிச்சுக்கொண்டு நிக்காதை.”

“பிடிபட்டால், அக்கா?”

தங்கமுத்து பூரணத்தின் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் பொட்டுக்குள்ளால் போய்விட்டாள்.

அருந்ததி சாம்பலைக் கூட்டி அள்ளினாள். நிலத்தை மறுபடி கழுவினாள். விளக்கு வைக்கும் நேரம் கொப்பியை எடுத்தாள். மத்தியானம் எழுதியதை வாசித்தாள். சிறிய பிழைதான் என்ற சொற்களில் கோடு கிழித்தாள். அதற்குக் கீழே எழுதினாள்:

நாளை, வியாழன். காலையில் பயறு வறுத்து இடிக்க வேண்டும். மத்தியானத்துக்குள் பணியாரம் சுட வேண்டும். மூன்று மணிக்கு அம்மாவின் மஞ்சள் சேலையை உடுத்து, முன்னறையில் இருக்க வேண்டும்.