முறை சொல்லக் கூடாத மேஜை

மீட்சித் தொகை தரப்போவதாக அரசாங்கம் அறிவித்த நாளிலிருந்து நூலகத்தின் வாசிப்பு அறையில் யாரும் வாசிப்பதில்லை. நீள மேஜைகளை நகர்த்தி ஆறு கணினிகளைப் போட்டு, வாசலில் ஒரு டோக்கன் இயந்திரத்தையும் நிறுத்திவிட்டார்கள். நாளெல்லாம் கூட்டம். நான்காம் மேஜையில் உட்கார்ந்திருப்பவள் சின்னவள். ஐம்பத்திரண்டு வயதாகிறது, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, ஆனாலும் வீட்டில் அவள் சின்னவள்தான். மூத்தவர் என்று ஒரு அண்ணன் இருக்கிறவரைக்கும் அந்தப் பெயர் எங்கே போகும்?

ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்வதென்றால் அவளுக்குப் பசி தெரியாது. அதிகாரிகள் எழுதிய பதினாறு பக்கக் கையேட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு, வருகிறவர்களிடம் நாலே வார்த்தையில் சொல்வாள். கடைகள் ஈ ஓட்டுகின்றன, ஏனென்றால் நாம் யாரும் எதையும் வாங்குவதில்லை. வாங்காததற்குக் காரணம், கையில் காசில்லை. அதனால் வீட்டுக்கு ஒரு தொகை தருகிறார்கள், மூன்று மாதத்துக்குள் செலவழித்துவிட வேண்டும். இதைக் கேட்ட சலவைக் கடைக்காரர் ஒருவர், செலவழிக்கச் சொல்லி உத்தரவு என்பதை எழுத்தில் கொடுங்கள், வீட்டம்மாவிடம் காட்ட வேண்டும் என்றார். மற்றவர்களுக்கெல்லாம் இரண்டே சந்தேகம். பின்னால் திருப்பிக் கேட்பார்களா, ஓய்வூதியத்தில் பிடித்துக்கொள்வார்களா? மாட்டார்கள், மாட்டார்கள் என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

தபாலில் வரும் கடிதத்தில் எட்டு இலக்க ரகசிய எண் ஒன்று இருக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்கிற வங்கிக் கணக்குக்குப் பணம் போய்விடும். போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று, சிலர் ஏமாந்த பிறகு அடித்து ஒட்டிய நோட்டீஸில் சின்னவளின் படத்தையே போட்டிருந்தார்கள். பேருந்து நிறுத்தம்தோறும் அவள் விரலை நீட்டி ஊரை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரையும் முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது. முதல் வாரத்தில் சின்னவள் தன் பழக்கத்தில் அண்ணா, அக்கா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். வரிசையில் நின்றவர்கள், மாமா என்பதால்தான் அவரை முன்னால் விட்டாயா என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். மறுநாளே கண்காணிப்பாளர் உத்தரவு போட்டார். ஆண்கள் ஐயா, பெண்கள் அம்மா, கூடப் பிறந்தவர்களே வந்தாலும் டோக்கன்தான். சின்னவளுக்கு இது உப்பில்லாமல் சாப்பிடுகிற மாதிரி இருந்தது, ஆனால் பழகிக்கொண்டாள்.

ஊருக்கெல்லாம் தொகை வாங்கிக் கொடுத்தவளால் சொந்த அண்ணனை மட்டும் வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. அண்ணன் பூட்டுக்காரர். சந்தைக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு அடியில் குனிந்து நுழைகிற அளவுக்குக் கடை. சாவி வெட்டும் இயந்திரத்தின் மோட்டார் புகைந்துபோய் நாலு மாதமாகிறது. அன்றிலிருந்து அரத்தை வைத்துக் கையாலேயே ராவிக்கொண்டிருக்கிறார். ஒரு சாவிக்கு அரைமணி நேரம். சாயங்காலம் ஆனால் கண் சிவந்து நீர் வடிகிறது. பொறுமையில்லாத வாடிக்கையாளர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டு போகிறார்கள். தொகை வந்தால் புது மோட்டார் போட்டுவிடலாம்.

சின்னவள் இரண்டு தடவை விண்ணப்பத்தோடு போனாள். முதல் தடவை, கடையில் ஆள் காத்திருக்கிறது என்று நழுவினார். இரண்டாம் தடவை, ஓசிப் பணம் எனக்கு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்குச் சுருக்கென்றது. இது ஓசி இல்லை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவளிடமா இந்தப் பேச்சு? நீ என்ன ராஜ பரம்பரையா, மோட்டார் தானாக முளைக்குமா என்று பொரிந்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் அண்ணி போன் செய்தாள். அவர் கொஞ்ச நாளாகவே சரியில்லையாம். போன் அடித்தால் எடுப்பதில்லை, சின்னவளின் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். நீ ஏதாவது சொல்லிவிட்டாயா என்று அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். சின்னவளுக்கு அதுதான் தாங்கவில்லை. இந்த வேலை தொடங்கிய வாரத்தில், அங்கே உட்கார்ந்திருப்பது என் தங்கச்சி என்று சொல்லாமல் ஒரு வாடிக்கையாளரையும் அனுப்பாத மனிதர் அவர்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளும் வந்தது. மாலை நான்கு மணியோடு எல்லாம் முடிகிறது. வழக்கமாக ஒரு மணிக்குச் சாப்பிடப் போகிறவள் அன்று எழுந்திருக்கவே இல்லை. ஒன்று பத்துக்கு அறுபத்திரண்டாம் டோக்கன்காரர் வந்து நாற்காலியை இழுத்தார், அவள் முகத்தைப் பார்த்தார், உட்காராமல் அப்படியே நின்றுவிட்டார்.

அண்ணன்தான். சட்டைப் பையில் கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணி விரட்டியிருப்பாள். தங்கச்சி சாப்பிடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, மேஜையில் வேறு யாராவது இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார்.

அண்ணா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கண்காணிப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க ஐயா," என்றாள்.

அவர் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு முன்பின் தெரியாத ஆபீசில் உட்காருகிறவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "சரிங்க," என்றார்.

கடிதத்தை வாங்கி எண்ணைத் தட்டினாள். திரையில் சிவப்பு வரி வந்தது. ஐந்து வாரத்துக்கு முன்பே விண்ணப்பம் போயிருக்கிறது, அண்ணன் வாசலைக்கூட மிதித்திராத ஒரு வங்கியின் கணக்கைக் காட்டி. வீட்டுக்காரர் கைப்பட எழுதிய சீட்டு இல்லாமல் யாருக்கும் மாற்றுச்சாவி வெட்டிக் கொடுக்காதவர், தன் எட்டு இலக்கத்தை எவனுக்கோ தூக்கிக் கொடுத்திருக்கிறார். போனை எடுக்காததும் முகத்தைத் திருப்பியதும் ஏன் என்று அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது.

குரலை ஒரே சீராக வைத்துக்கொண்டு சொன்னாள். யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள், ஆனால் பணம் போனது போனதுதான் என்றில்லை. மோசடிப் புகார் படிவம் இருக்கிறது, ஏழு கேள்வி. இன்று நான்கு மணிக்குள் கொடுத்துவிட்டால் பழைய விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டுப் புதிதாகத் தருவார்கள். நான்கு மணி தாண்டினால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் தலையை ஆட்டினார்.

முதல் நாலு கேள்விக்கும் மடமடவென்று பதில் வந்தது. போனில்தான் கேட்டான், கடையில் இருந்தபோது, காலையில், ஒரே தடவை. தங்கையிடம் ஐந்து வாரமாகச் சொல்ல முடியாததை மேஜைக்கார அம்மாவிடம் சொல்வது அவருக்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஐந்தாம் கேள்வி வந்தது. பேசியவர் தன்னை யார் என்று சொல்லிக்கொண்டார்?

"அது வேணாங்க. அடுத்ததைக் கேளுங்க."

"எல்லாத்துக்கும் பதில் இருந்தாத்தான் படிவம் ஏத்துக்கும் ஐயா."

"அப்ப விட்டுடுங்க. எனக்கு எதுவும் வேணாம்," என்று எழுந்துவிட்டார். கடிதத்தை எடுக்க நீண்ட கையில் விரல் நுனியெல்லாம் அரம் பட்டுத் தோல் உரிந்திருந்தது.

"ஐயா, உங்க கண்ணு போயிடும்," என்றாள் சின்னவள். படிவத்தில் இல்லாத பேச்சு. கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார்.

"உங்க தங்கச்சி ஆபீஸ்லேர்ந்து பேசறேன்னான்," என்றார், மேஜையைப் பார்த்தபடி. "எங்க அண்ணன் வேலையை முதல்ல முடிங்கன்னு அவங்கதான் சொன்னாங்கன்னான். அவ பேரைக் கேட்டதும் எனக்கு ஒண்ணும் தோணலை. பாவம், நாளெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிட்டு வர்றா, நாமளும் போய் அவ தலையில உட்காரணுமான்னு நினைச்சேன். கடிதத்தைப் பிரிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அதை எழுதாதீங்க," என்றார். "அவளுக்குத் தெரிஞ்சா தன்னாலதான்னு உருகிப் போயிடுவா. வேலைக்கும் ஏதாச்சும் வந்துடும்."

வருகிறவன் போகிறவனிடமெல்லாம் தங்கச்சி புராணம் பாடியதை எவனோ காதில் வாங்கிப் போயிருக்கிறான். சின்னவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. தன் பேருக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாதென்று ஐந்து வாரமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட இந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, முதுகில் ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதையும் செய்ய மேஜையில் இடமில்லை.

அவங்க வேலைக்கு ஒன்றும் வராது ஐயா, இதை எழுதினால்தான் இதே மாதிரி இன்னொருத்தர் ஏமாறாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்று சொல்லிவிட்டு, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தட்டினாள். தங்கச்சி என்ற சொல்லில் விரல் இரண்டு தடவை பிசகியது. மிச்ச இரண்டு கேள்வியும் முடிந்தன. அச்சாகி வந்த தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். பதினைந்து நாளில் பணம் வந்துவிடும் என்று சொல்லி ரசீதை நீட்டினாள். அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமாங்க?"

"கேளுங்க ஐயா."

"இதெல்லாம் என் தங்கச்சிகிட்ட சொல்லிட மாட்டீங்களே?"

சின்னவள் திரையைப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை, அடுத்த டோக்கனுக்கான வெற்றுப் படிவம்தான் இருந்தது.

"இந்த மேஜையில சொல்றது வெளியே போகாதுங்க ஐயா."

"நல்லதும்மா," என்று எழுந்தார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவளைப் பார்த்தீங்கன்னா கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்க. வேலைன்னு வந்தா வயிறு இருக்கறதையே மறந்துடுவா," என்றார்.

"சொல்றேங்க ஐயா," என்றாள் சின்னவள்.

அவர் வரிசையை ஒதுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த டோக்கன்காரர் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து, ஏம்மா அழறீங்க என்று கேட்டார்.