தொண்ணூற்றியொரு ராத்தல்

டேப்பின் தகர நுனி குதிகாலில் சில்லென்று பட்டதும் விழித்துக்கொண்டேன். கண்ணைத் திறக்கவில்லை. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போக இன்னும் நேரமிருந்தது. என் வீட்டுக்காரர் கஸ்பர் குனிந்து, என்னைக் காலிலிருந்து தலைவரைக்கும் அளந்துகொண்டிருந்தார். அவர் தேயிலைத் தோட்டத்துத் தச்சர். லயத்து வீடுகளின் கதவு, பள்ளிக்கூட பெஞ்சு, யாராவது செத்தால் பெட்டி, எல்லாம் அவர் கைதான். உயிரோடு இருக்கிற பெண்டாட்டிக்குப் பெட்டி அளக்கிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கேட்டால் பொய் சொல்வார், அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. தூங்குகிறவள்போலவே கிடந்தேன்.

அந்த அறுபத்து மூன்றாம் ஆண்டு அவர் தோட்டத்துத் துரைக்குப் படகு செய்துகொண்டிருந்தார். இறம்பொடை மலையில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், தோட்டமே கேட்டுச் சிரித்து ஓய்ந்துவிட்டது. துரை வேலையை விட்டதும் பாய் கட்டிக்கொண்டு திருகோணமலையிலிருந்து ஊர் ஊராகப் போகப்போகிறாராம். படகு மரத்தில் இல்லை, ஃபைபர்கிளாஸில். முதலில் பலகையில் படகின் வடிவத்துக்கு ஒரு பெரிய அச்சு. அதன் உட்பக்கம் மெழுகு தேய்த்து, கண்ணாடி நூல் துணியை அடுக்கடுக்காக விரித்து, பசை தடவி இறுகவிட வேண்டும். இறுகியதும் இட்லியைப் போலப் படகை எடுத்துவிடலாம். எங்கள் பனியில் பசை இறுகுவேனா என்றது. நெருப்பும் காட்டக்கூடாது. பழைய ஸ்டோருக்குள் சுடுதண்ணீர் டின்களைச் சுற்றி அடுக்கி, இவர் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்த நாற்றம் தேயிலையில் ஏறிவிடும் என்று டீமேக்கர் அவரை பாக்டரிப் பக்கமே விடவில்லை.

இத்தனைக்கும் அவர் கடலையே பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். ஏழு வயதில் தலைமன்னாருக்கு வந்த கப்பலில், தெரேசா அக்கா மடியில் வாந்தியெடுத்துக்கொண்டே பார்த்தேன். அக்கா நாற்பத்தேழில் புருஷனோடு திண்டுக்கல் பக்கம் திரும்பிப் போனாள். அடுத்த ஆண்டு இலங்கையில் சட்டம் வந்து எங்களை எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் ஆக்கியது. நான் இந்தியாவுக்குப் போகலாம், திரும்பி வர விடமாட்டார்கள். இங்கே இவரும் இரண்டு பிள்ளைகளும். அங்கே அக்காவுக்கு மாரில் கட்டி. 'ஒருக்கா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போடி' என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்தேன். பூசையில் புத்தகத்தைத் திறந்தால் ஜெபம் வராது, அக்காதான் வருவாள்.

அளந்ததற்கு மறுநாள், கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு இவர் வந்து நின்றார்.

"கூடைய எறக்கிட்டு அந்தக் கொக்கியப் புடிச்சித் தொங்கு புள்ள."

பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தேன். தொங்கினேன். மலையே சிரித்தது. கணக்கப்பிள்ளை வீரய்யா தராசைப் பார்த்து, "தொண்ணூத்தியொரு ராத்தல். மழையில நனைஞ்ச கொழுந்து, தண்ணிக்கு ரெண்டு கழிக்கணுமே!" என்றார்.

"ஒண்ணும் கழிக்காதீங்க," என்றார் என் வீட்டுக்காரர். அவர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்டோருக்கு அழைத்துப்போனார். அச்சுக்குள் படகு வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. ஏணி வைத்து உள்ளே இறங்கினோம். நுழைகிற இடத்தில் அடுப்பு, அப்பால் இரண்டு பக்கமும் ஆளுயரப் படுக்கை. அடுப்புக்கு எதிரே இன்னொரு சின்னப் படுக்கை.

"தொரையோட படத்துல ரெண்டு படுக்கதான். இது நான் வச்சது. இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் ஒன் எடைக்குத் தண்ணித் தொட்டி. படகு சாயாது. தொரைக்கிட்ட நான் கேட்டுக்கிறேன். அக்காவப் பாத்துட்டுத் திரும்பி வந்துறலாம்."

மெல்லப் படுத்துப் பார்த்தேன். கால் இடித்தது.

"நாலடிகூட இல்லியே!"

"ஒன்னைய அளந்துதானே வச்சேன்."

அப்போதுதான் புரிந்தது. குளிருக்கு முட்டியை நெஞ்சோடு மடக்கிச் சாக்குக்குள் சுருண்டு கிடந்தவளை அளந்திருக்கிறார். எங்கள் லயத்தில் எல்லாரும் அப்படித்தான் தூங்குவோம். காலை மடக்கினேன், கச்சிதமாக இருந்தது. சிரிக்க ஆரம்பித்து, அழுகையில் முடிந்தது.

"கடல்ல குளிராதுங்க. அங்க காலை நீட்டிக்கிட்டுப் படுக்கலாம்."

அவர் முகம் சுருங்கிப்போனது. "அறுத்து நீட்டிப்புடலாம்," என்று முணுமுணுத்தார்.

அறுக்க வேண்டிய தேவை வரவில்லை. துரைக்குத் தமிழ் நன்றாக வரும். படத்தை மேசையில் விரித்து வைத்து, இவரை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாராம். "ஏலாது கஸ்பர். பாஸ்போட் இல்லாம அங்க எறக்கினா அவளப் புடிப்பாங்க. திரும்பக் கொண்டாந்தா இங்க என்னையும் அவளையும் புடிப்பாங்க." பிறகு, இவர் படத்தில் வரைந்து காட்டிய சின்னப் படுக்கையின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார். தண்ணீர்த் தொட்டிக்குச் சமமாக அங்கே நங்கூரச் சங்கிலியை வைக்க வேண்டுமாம். தொண்ணூற்றியொரு ராத்தல். என் வீட்டுக்காரரே அதே தராசில் நிறுத்து, அவரே என் இடத்தில் சுருட்டி வைத்தார்.

ஆவணியில் லொறி வந்து படகை ஏற்றிப்போனது. பிள்ளைகள் றோட்டு முடக்கு வரைக்கும் கத்திக்கொண்டே ஓடினார்கள். நான் போகவில்லை. அக்காவுக்குப் பதில் எழுத உட்கார்ந்து, 'அன்புள்ள அக்காவுக்கு' என்பதோடு நிறுத்தினேன்.

ஐப்பசியில் ஒரு மாலை, தேநீர் ஆறிப்போகிறதே என்று அவரைத் தேடி ஸ்டோருக்குப் போனேன். வெறும் அச்சுக்குள் நின்றுகொண்டிருந்தார். கூரைத் தகரம் ஒழுகி, அடியில் கணுக்காலளவு மழைத் தண்ணீர். வெளியே இருக்க வேண்டியது உள்ளே கிடந்தது.

"அச்சு இருக்குல்ல. இன்னொண்ணு எடுக்கலாம்," என்றார்.

கண்ணாடித் துணிக்கும் பசைக்கும் எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. இவர் மேலே ஏறி வந்து, தரையில் ஒரு சாக்கை விரித்தார்.

"படு சிசிலி. காலை நல்லா நீட்டு."

படுத்தேன். ஈரச் சிமெண்டின் குளிர் சாக்கைத் தாண்டி முதுகில் ஏறியது. முட்டி தானாக மடங்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினேன். டேப்பின் தகர நுனி குதிகாலில் பட்டது. இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.

"நாலடி பதினோரு அங்குலம்," என்றார். சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி அச்சுக்குள் இறங்கினார். நான் காலை மடக்காமல் அப்படியே கிடந்தேன்.