நிலபாவாடை வெளிச்சம்

படம் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்றுதான் தோட்டவெளிச் சனம் நினைத்திருந்தது. 1934ஆம் ஆண்டு ஆனி மாதம், அன்ரோனெற்றின் கலியாணத்தன்று வேதக்கோயில் வாசலில் இருபத்திரண்டு பேர் அப்படித்தான் நின்றார்கள். மாப்பிள்ளை டொமினிக் விறைத்துப்போய் நின்ற நிற்பைப் பார்த்தால், அவரைக் கைது செய்ய யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். மன்னார்ப் பட்டினத்துப் படக்காரர் சிங்கராசா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "அசையாதேங்கோ" என்றார். ஒருவரும் அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை, பாவிகள்.

அந்த வரிசையில் பெண்ணின் தாய் மதலேனா இல்லை. அவர் வரமாட்டார் என்று சிங்கராசாவுக்கு ஒரு கிழமைக்கு முன்பே தெரியும். அன்ரோனெற் தன் மச்சாளோடு அவருடைய கடைக்கு வந்து, சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தாள்.

"மாமா, கலியாணம் முடிஞ்சு நாலாம் நாள் நாங்கள் மலாயாவுக்குப் போறம். அவருக்கு அங்க றெயில்வேயில வேலை. திரும்பி எப்ப வாறமோ தெரியாது. அம்மாவின்ர படம் ஒண்டும் என்னட்ட இல்ல. அம்மாவும் நானும் இருக்கிற மாதிரி ஒண்டு எப்பிடியாவது எடுத்துத் தாங்கோ."

"அம்மாவைப் பக்கத்தில கொண்டுவந்து நிப்பாட்டுங்கோ, பிள்ளை. எடுத்துத் தாறன்."

"நிக்கமாட்டா. அப்பா போன பிறகு ஒரு நல்ல காரியத்திலயும் அவ முன்னுக்கு வாறேல்ல. தாலி இல்லாத கழுத்து கலியாணப் படத்தில நிண்டா பிள்ளைக்குக் கூடாதாம். கோயில் சுவாமியார் சொல்லியும் கேக்கேல்ல."

சிங்கராசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடலுக்குப் புருஷனைக் கொடுத்துவிட்டு, கிழிந்த வலை பொத்தி, கருவாடு காயவைத்து, ஒற்றை ஆளாக ஒரு பெண்ணை வளர்த்தெடுத்தவர் அந்தப் பெண்ணின் நல்ல நாளில் ஒளிந்து நிற்பதா? ஆனால் மதலேனாவோடு வாதாடி வென்றவர் ஊரில் யாரும் இல்லை. அதனால் அவர் வாதாடப் போகவில்லை. கலியாணத்தன்று பெரிய கமராவோடு சின்ன றோல் கமராவையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கு முக்காலி வேண்டாம், கறுப்புத் துணி வேண்டாம். வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்தால் போதும். ஒரு சுருளில் எட்டுப் படம்.

கோயில் படம் முடிந்து ஊர்வலம் வீட்டுக்குப் புறப்பட்டது. சிங்கராசா சின்னக் கமராவை எடுத்ததுதான் தாமதம், கண்டவர்கள் எல்லாம் நடந்த இடத்திலேயே மரமாகிப் போனார்கள். மூன்று படம் வீண். நாலாவது முறை அவருக்கு ஒரு யோசனை வந்தது. கமராவைக் காதருகில் வைத்துக் குலுக்கினார், உள்ளங்கையால் தட்டினார், "சனியன், பழுதாப் போச்சு!" என்று எல்லாருக்கும் கேட்கத் திட்டினார்.

"படக்காரற்ற கமரா படுத்திட்டுது!" என்று யாரோ கத்த, ஊர்வலமே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவர் எடுத்தார். அதன் பிறகு ஒருவரும் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. பாவம், பழுதைப் பார்க்கிறார் என்று விட்டுவிட்டார்கள். டொமினிக் கழுத்துப்பட்டியைத் தளர்த்தி வியர்வையைத் துடைத்ததும், மச்சாள் குடையைச் சரித்துப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னதும் சுருளுக்குள் போயின.

ஆனால் நடுவெயில் படக்காரனுக்குச் சத்துரு. தலைக்கு நேரே சூரியன் நின்றால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் விழும். இந்தப் படங்கள் எல்லாம் அப்படித்தான் வரப்போகின்றன என்று பயந்துகொண்டே நடந்த சிங்கராசா, அன்ரோனெற்றின் முகத்தைப் பார்த்துத் திகைத்துவிட்டார். முகம் முழுவதும் வெளிச்சம். நாடிக்குக் கீழேகூட நிழல் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கீழே பார்த்தார். வெள்ளை விரிக்க வந்த, ஊருக்குத் துணி வெளுக்கிற கட்டாடியாரும் அவருடைய தம்பியாரும், தோய்த்துக் காயவைத்த வெள்ளைச் சீலைகளை மணமக்களின் காலடிக்கு முன்னால் மாறி மாறி விரித்துக்கொண்டு போனார்கள். அந்த நிலபாவாடையில் விழுந்த வெயில்தான் எழும்பி அவள் முகத்தில் பட்டது. இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் கண்டதில்லை. சந்தோஷத்தில் அந்த முகத்தை ஒரு படம் எடுத்தார்.

வீட்டு வாசல் வந்தபோது ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. மதலேனா கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டுக் குறுக்குவழியால் முந்தி வந்து, ஓலை வேலிக்குப் பின்னால் நின்றார். சிங்கராசா பார்த்துவிட்டார். பார்த்து என்ன பயன்? வேலி தெரியும், தாய் தெரியமாட்டார்.

அந்த நேரம் சோளகக் காற்று ஒருமுறை அடித்தது. விரித்த சீலை எழும்பி அன்ரோனெற்றின் சப்பாத்தில் சுற்றியது. அவள் தடுமாறினாள். கட்டாடியாரும் தம்பியாரும் பத்தடி முன்னால் அடுத்த சீலையோடு நின்றார்கள். வேலிப் படலை படாரென்று திறந்தது. மதலேனா ஓடிவந்து முழங்காலில் விழுந்து சீலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

"பாத்து, பாத்து! இதுல காலை வை, பிள்ளை!"

சிங்கராசா குனிந்து விசையைத் தட்டினார். சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. மதலேனா தான் இருக்கும் இடத்தை உணர்ந்து, முந்தானையை இழுத்துக்கொண்டு வேலிக்குள் போய்விட்டார்.

மறுநாள் பின்னேரம், அச்சிட்ட படத்தோடு சிங்கராசா நேரே பின்வளவுக்குப் போனார். மதலேனா அண்டா கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கேக்காமல் எடுத்துப்போட்டன். பிள்ளைக்கு இன்னும் காட்டேல்ல. நீங்கள் வேண்டாம் எண்டால் படத்தையும் பிலிமையும் உங்கட கண்ணுக்கு முன்னால எரிச்சுவிடுறன்."

மதலேனாவின் முகம் இறுகியது. "உங்களுக்கு ஆர் சொன்னது..." என்று தொடங்கியவர், கையைத் துடைத்துப் படத்தை வாங்கிப் பார்த்தார்.

படத்தில் அவர் சீலையை அழுத்திக்கொண்டு சப்பாத்தையே பார்த்தபடி இருந்தார். அவருக்கு மேலே அன்ரோனெற், பக்கத்தில் நின்ற புருஷனையும் சுற்றி நின்ற ஊரையும் மறந்து, தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழப்போகிறாளா என்று சொல்ல முடியாத முகம். அவ்வளவு ஆசை அந்தப் பார்வையில்.

"இவள் என்னை இப்பிடிப் பாத்தவளோ?"

"ஓம் அக்கா."

"நான் காணேல்லயே. நான் சீலையை எல்லோ பாத்துக்கொண்டு இருந்தனான்."

 இரவு முழுக்கத் தன் கெட்டித்தனத்தை நினைத்துப் பூரித்திருந்த சிங்கராசாவுக்கு இப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. எரிப்பதா விடுவதா என்று கேட்பதுபோலக் கையை நீட்டினார். மதலேனா படத்தைக் கொடுக்கவில்லை.

"பிள்ளைக்கு வேற ஒண்டு அடிச்சுக் குடுங்கோ. இது என்னட்ட இருக்கட்டும்."