மலைப்பாதையில் ஒரு பந்தி

அமீனுல்லா கள்ளக்குறிச்சியில் பேர்போன பிரியாணி மாஸ்டர். வெள்ளிமலையில் பிச்சைமுத்துவின் மகள் எழில்மதிக்குக் கல்யாணம். கல்யாணச் சாப்பாடு அவர் பொறுப்பு. காலையிலேயே கறி, அரிசி, விறகு, பிரியாணி ஆக்கும் இரண்டு பெரிய தேக்சா எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் மனைவி ஷர்புன்னிசாவை உட்காரவைத்து, தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார்.

ராத்திரி பெய்த மழையில் மலை குளித்துவிட்டு நின்றது. கீழே கோமுகி அணை வெயிலில் மினுங்கியது. பாதையோரம் நெடுக, எந்தக் காலத்திலோ கட்டிய கைப்பிடிச் சுவர். சிமெண்டு கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கல்லைக் கல் கடித்துக்கொண்டு நின்றது.

வெள்ளிமலைக்குக் கொஞ்ச தூரமே பாக்கி இருக்கும்போது ஒரு வளைவில் அமீனுல்லா பிரேக்கை அழுத்தினார். பெரிய மரமொன்று வேரோடு பெயர்ந்து, மண்ணும் பாறையுமாய்ப் பாதையை அடைத்துக் கிடந்தது. விழுந்த வேகத்தில் சுவரிலும் ஒரு துண்டு சரிந்திருந்தது. முன்னால் ஒரு பஸ் நின்றது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ரங்கம்மாளும் இன்னும் இரண்டு சாலைப் பணியாளர்களும் சரிந்த கற்களை ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜேசிபி வரணும் பாய். சாயந்திரம் ஆயிடும்" என்றாள் ரங்கம்மாள்.

"சாயந்திரமா? அதுவரைக்கும் கறி தாங்குமா?"

போன் போட்டதும் பிச்சைமுத்து ஜீப்பில் அந்தப் பக்கம் வந்து இறங்கி, மரத்தின் மேல் ஏறிக் குதித்து இந்தப் பக்கம் வந்தார். ஆள் வரலாம், தேக்சா வராது. அவர் பட்டுச் சட்டை முழுக்கச் சேறு.

"மாப்பிள்ள வூட்டுக்காரங்க மானத்த வாங்கிடுவாங்க பாய்."

ஷர்புன்னிசா சுற்றுமுற்றும் பார்த்தாள். வளைவு அகலமாக இருந்தது. பாறை இடுக்கிலிருந்து வந்த ஊற்றுத் தண்ணீர் ஒரு பழைய கல்தொட்டியில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது.

"இன்னாங்க, இங்கியே ஆக்கிட்டா இன்னா? சாப்பாடுதான் மேல போவாது. ஜனங்க கீழ வரலாமில்ல?"

"ரோட்லயா?"

"ரோட்ல ஆக்கினா அரிசி வேவ மாட்டேங்குமா?"

பிச்சைமுத்து ஒரு நிமிடம் யோசித்தார். அடுத்த நிமிடம் மறுபடி மரமேறி ஓடினார், ஆட்களைக் கூட்டிவர.

அடுப்புக்குக் கல் வேண்டும். அமீனுல்லா குவியலிலிருந்து ஒரு கல்லைத் தூக்கினார்.

"அத்தக் கீழ வைங்க பாய்!" என்று கத்தினாள் ரங்கம்மாள்.

"கீழ கெடந்த கல்லுதானம்மா?"

"கெடந்தா கேக்க ஆளில்லயா? போன மழையில அந்தாண்ட வளைவுல இப்பிடித்தான் சரிஞ்சுது. கல்ல எவனோ லாரியில வாரிக்கினு போயிட்டான். இப்ப அங்க தகரத்த நட்டு வெச்சிருக்கு. இந்த வளைவுல அப்பிடி ஆவ விடமாட்டேன்."

அமீனுல்லாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பஸ்ஸில் வந்தவர்கள் வேடிக்கை பார்க்க வேறு கூடிவிட்டார்கள். ஆனால் அந்தம்மாள் கல்லை மறித்து நின்ற நிற்பைப் பார்த்ததும், தன் தேக்சாவை யாராவது தொட்டால் தானும் இப்படித்தான் நிற்போம் என்று தோன்றியது. குரல் இறங்கியது.

"சரிம்மா. சாப்பிடற ஒவ்வொருத்தரும் ஒரு கல்ல தூக்கிக் குடுத்துட்டுத்தான் போவணும். நான் பொறுப்பு. போதுமா?"

ரங்கம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு தானே குனிந்து, அகலமான கல்லாகப் பொறுக்கிக் கொடுத்தாள்.

வெங்காயம் வதங்கியது. கறி மசாலாவோடு புரண்டது. தம் போட்டதும் வாசனை மலையேறிப் போனது. கல்யாணக் கூட்டம் ஜீப்புகளில் வந்து இறங்கி, பட்டுப்புடவைகளைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மரத்தைத் தாண்டியது. எழில்மதி மாலையோடு தாண்டினாள். கைகொடுத்த மாப்பிள்ளைதான் வழுக்கி விழுந்தான்.

உட்கார இடமில்லை. இடுப்பளவு இருந்த சுவரின் தட்டையான தலைமேல் இலையைப் போட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி எல்லோரும் நின்றே சாப்பிட்டார்கள். பஸ் ஜனங்களுக்கும் இலை விழுந்தது. "ரோட்டுல சாப்பாடா?" என்று முகம் சுளித்த மாப்பிள்ளையின் மாமா, மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு நைசாக நழுவப் பார்த்தவரை ஷர்புன்னிசா பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கல்லு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரே முதல் கல்லைத் தூக்கினார். பிறகு வரிசை தானாக அமைந்தது. மருதாணிக் கையோடு எழில்மதியும் நடுவில் நின்றாள். கல் கைமாறிக் கைமாறிப் போக, ரங்கம்மாளும் கூட இருந்த இருவரும் சுவர் சரிந்த இடத்தில் அடுக்கினார்கள். அடுப்புக் கற்களைத் தண்ணீர் தெளித்து ஆறவைத்துக் கடைசியாக வைத்தார்கள்.

சாயந்திரம் ஜேசிபியோடு வந்த இன்ஜினியர் சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சரிஞ்சிடுச்சின்னு சொன்னீங்க? கல்ல அள்ள டிப்பர் வேற கூட்டியாந்தேனே? இது ஏன் கருப்பா இருக்கு?"

ரங்கம்மாள் ஒரு இலையை நீட்டினாள். "மொதல்ல சாப்பிடுங்க சார். அப்புறம் சொல்றேன்."

அவர் சாப்பிட்டார். டிப்பர் காலியாகவே திரும்பிப் போனது.

பாதை திறந்தது. கழுவிய தேக்சாக்களை ஏற்றிவிட்டு அமீனுல்லா வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பப் போனார். பிச்சைமுத்து ஜன்னலில் கை வைத்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க? ஆக்கற வேல முடிஞ்சுது. இப்ப விருந்தாளியா வாங்க. பாட்டுக் கச்சேரிகூட இருக்குது."

எத்தனையோ கல்யாண வீடுகளின் கொல்லைப்புறம் அமீனுல்லாவுக்குத் தெரியும். மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்ததில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கனவே முந்தானையை உதறிச் சரிசெய்து, தலையில் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாத்துக்கினு இருக்கீங்க? வண்டிய எடுங்க" என்றாள்.

குட்டியானை மேல்நோக்கி ஏறியது.