தாழ்ப்பாள் சத்தம்

மனம் காயப்பட்ட பிள்ளைகளுக்குச் சபை அடைக்கலமாக இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததும், செயலாளர் மத்தியாஸ் முதலில் ஃபிளெக்ஸ் அடித்தார். அதில் ஆட்டுக்குட்டி சின்னதாக இருந்தது, மத்தியாஸ் பெரிதாக இருந்தார். பிறகு ஆலயத்தை ஒட்டிய அறையை அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, சுவரில் யானை, முயல் எல்லாம் வரையச் சொல்லி, கார்ப்பெட் விரித்து, பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பேராயர் வந்து திறக்கும்வரை பிள்ளைகள் அழுக்காக்கிவிடக் கூடாதாம்.

ஞாயிறுதோறும் சபைப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்தும் டீச்சர் ராகேலுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. மற்ற நாட்களில், நாகர்கோவில் ஆஸ்பத்திரி ஒன்றில், குழந்தைகள் வார்டில் பதினான்கு வருஷமாக நர்ஸ் அவள். பிள்ளைகளின் பயம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தச் சபைக்குத்தான் ஷைஜா தன் எட்டு வயது மகள் அபினாவோடு வந்து சேர்ந்தாள். புருஷன் ஜெயிலில். குடித்துவிட்டு வந்தால் கதவைத் தாழிட்டுத்தான் ஷைஜாவை அடிப்பான். தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்குப் பின்னால் என்ன வரும் என்பது அபினாவுக்கு மனப்பாடம். ஷைஜா சொல்லி இதை அறிந்ததும், பிரசங்கத்தின்போது வாசல் கதவைத் தாழிட வேண்டாம் என்று ராகேல் கமிட்டியிடம் முன்கூட்டியே சொன்னாள்.

"பிந்தி வாறவங்களுக்கு ஒரு பயம் வேண்டாமா டீச்சர்? முப்பது வருஷப் பழக்கம்" என்றார் மத்தியாஸ்.

அந்த ஞாயிறு, ஆலயத்தைத் திறந்து பூட்டும் கோவில்பிள்ளை நேசையன் வழக்கம்போலத் தாழைப் போட்டார். அபினா அலறிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்தாள். கவுன் நனைந்துவிட்டது. பிசாசு என்று யாரோ முணுமுணுத்தார்கள். மத்தியாஸ் விரைந்து வந்தார்.

"ஷைஜா, பிள்ளைய வெளிய கொண்டு போ. ஆராதனை கெடுது."

"அந்த ரூமத் தெறந்து விடுங்க" என்றாள் ராகேல்.

அவர் நனைந்த கவுனைப் பார்த்தார். "கார்ப்பெட் புதுசு டீச்சர்."

ராகேல் அதற்குமேல் அவரிடம் வார்த்தையை வீணாக்கவில்லை. நேரே போய்த் தாழை நீக்கி, இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். போதகர் பேச்சை நிறுத்தினார்.

"நீங்க பேசுங்க ஐயரே. கதவு தெறந்து கெடந்தா வசனம் ஒண்ணும் வெளிய ஓடிப் போவாது."

பிறகு பெஞ்சுக்குப் பக்கத்தில், தொடாமல், தரையில் உட்கார்ந்தாள். "மக்கா, கதவு தெறந்துதான் கெடக்கு. போணும்னா போலாம். நான் இஞ்சதான் இருக்கேன்." அபினா வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல மெல்ல ஊர்ந்து வெளியே வந்தாள்.

விளக்கம் கேட்டு மத்தியாஸ் அனுப்பிய கடிதத்தில் நான்கு எழுத்துப்பிழை. சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினாள் ராகேல். அடுத்த ஞாயிறு நாற்காலியை வாசற்படியிலேயே போட்டு உட்கார்ந்தாள். கதவை அடைக்கச் சொல்லி மத்தியாஸ் சைகை காட்டினார். "டீச்சருக்க காலு நசுங்கும்" என்று சொல்லிவிட்டு நேசையன் நகர்ந்துவிட்டார். அதன்பிறகு அவர் தாழையே தொடவில்லை.

பேராயர் அறையைத் திறக்க வந்த அன்று மத்தியாஸுக்கு இன்னொரு ஆசை. அபினா மேடையேறிப் பேராயருக்கு மாலை போட்டு, சபைதான் தன்னைக் காப்பாற்றியது என்று மைக்கில் சொல்ல வேண்டும். அதுவரை யாரிடமும் நிமிர்ந்து பேசாத ஷைஜா எழுந்தாள்.

"எனக்க பிள்ளையக் காட்டி நீங்க கைதட்டு வாங்காண்டாம்."

மத்தியாஸே மாலை போட்டார். நீளமாகப் பேசவும் செய்தார். திறந்த வாசல் வழியாகக் கடைசி பெஞ்சில் காற்று நன்றாக வந்தது. அபினா அம்மாவின் மடியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான மரியாதை கிடையாது என்று ராகேலுக்குத் தோன்றியது.