கடிபட்ட கப்பல்கள்

பெட்டியைத் திறந்ததும் சின்னவன் மூக்கில் ஏறியது ஒரு வாடை. ஊறிப்போன மரமும் பழைய டீயும் கலந்த வாடை. சூட்கேஸ் அளவுப் பெட்டி. உள்ளே தட்டுத் தட்டாகக் கோட்டைகள், களஞ்சியங்கள், கப்பல்கள், சீட்டுக்கட்டுகள். நாளெல்லாம் நாலு பேரைக் கட்டிப்போடுகிற ஆட்டம். அதை வாங்குவதா வேண்டாமா என்று பார்க்கத்தான் அவன் விடிந்ததும் விடியாததுமாகப் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்கு வந்திருந்தான்.

வீட்டில் கடைக்குட்டி என்பதால் காதோரம் நரைத்த பிறகும் அவன் சின்னவன்தான். பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. மதிய இடைவேளையில் கூட வேலை செய்பவர்களோடு சீட்டு போடுவான். அது சாப்பிட்ட கை காய்வதற்குள் முடிந்துவிடுகிற ஆட்டம். காலையில் செய்த தப்பு சாயங்காலம் வந்து கழுத்தைப் பிடிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஆசை. கடையில் விலையைக் கேட்டுவிட்டு, சுட்டுக்கொண்டவன் மாதிரி பெட்டியைக் கீழே வைத்தான். அப்புறம்தான் அக்கா போன் செய்தாள். "அத்தான் தன்னோடதை விக்கிறாராம்டா. இதைவிடப் பெருசா ஒண்ணு வந்திருக்காம், அதை வாங்கப் போறார். நீ வந்து ஒரு நாள் விளையாடிப் பாரு. பிடிச்சா எடுத்துக்க."

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். அவரிடம் சம்பளத்துக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டரும் வந்திருந்தார். அக்காவோடு சேர்த்து நாலு பேர்.

வரைபடத்தை விரித்தபோது மேஜையே மறைந்துபோயிற்று. நீலக் கடலில் டம்ளர் அடியின் வட்டங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சின்னவன் ஒரு கப்பலைக் கையில் எடுத்தான். பாய்மரத்தில் பள்ளம் பள்ளமாக ஏதோ இருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பல் தடம். முன்பல் ஒன்று லேசாகத் திரும்பி உட்கார்ந்த தடம். அந்தப் பல்லை அவனுக்குத் தெரியும், ஏனென்றால் பக்கத்துப் பல்லுக்கு உறை செய்து கொடுத்தவனே அவன்தான்.

"யோசிக்கும்போது கடிப்பேன் மாப்ள. பழக்கம்" என்றார் அத்தான். சொல்லிக்கொண்டே இன்னொரு கப்பலை வாயில் வைத்துக் கடித்து, எச்சில் மினுமினுக்க அதைத் துறைமுகத்தில் நிறுத்தினார். சின்னவன் கையிலிருந்த கப்பலைக் கீழே வைத்துவிட்டு விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். நாள் முழுக்கப் பிறர் வாயிலிருந்து எடுத்த அச்சுகளோடு புழங்குகிறவன் அவன். அங்கே கையுறை உண்டு. இங்கே அடுத்த சுற்றில் அந்தக் கப்பலை அவன் வெறும் கையால் நகர்த்த வேண்டியிருந்தது.

ஆட்டம் என்னவோ நல்ல ஆட்டம்தான். நாலு பேருக்கு நாலு அரசு. முதலில் விளைச்சல், பிறகு பேச்சுவார்த்தை, பிறகு போர். துறைமுகங்களில் பாதிக்கு மேல் யார் பிடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. களஞ்சியத்தை மலைப்பக்கம் கட்டினால் பத்திரம், ஆனால் படைக்குச் சோறு போய்ச் சேராது. ஆற்றோரம் கட்டினால் சோறு சேரும், எதிரியும் சேருவான். ரெண்டு சுற்றிலேயே சின்னவனுக்கு ஆசை பற்றிக்கொண்டது. எச்சிலைத் துடைத்துக்கொள்ளலாம், ஸ்பிரிட் போட்டு ஒவ்வொரு காயாகக் கழுவலாம் என்றெல்லாம் மனசுக்குள் கோட்டை கட்டினான்.

கழுவ முடியாதது அதற்கப்புறம் வந்தது.

அக்கா தன் படையை எடுக்கக் கையை நீட்டுவாள். "அங்க வேண்டாம்" என்று சொல்லி அத்தான் அவள் காயைத் தானே நகர்த்திவிடுவார். கற்றுக்கொள்பவர் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் இருக்குமே, அப்படி. அவள் காய் எங்கே போனால் அவருக்கு நல்லதோ அங்கேதான் அது போய் நின்றது. "சார் சொன்னா கரெக்டா இருக்கும்" என்று மாஸ்டர் பின்பாட்டுப் பாடினார். மாஸ்டர் தன் துறைமுகம் ஒன்றைப் போரில்லாமலே முதலாளிக்கு விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்துவிட்டு, ஏமாந்துபோனவர் மாதிரி தலையில் கைவைத்துக்கொண்டது பார்க்கச் சகிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, கழுவாத கையோடு அத்தான் சீட்டைக் கலைத்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு தடவை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். பேச்சுவார்த்தை நேரம் வந்தது. அக்காவிடம் தெற்குத் துறைமுகம் இருந்தது. அவருக்கு அது வேண்டும்.

"தானியம் தர்றேன்" என்றார்.

"வேண்டாங்க. இருக்கு."

"அந்த லைப்ரரி வேலைக்கு மனு போடணும்னு கேட்டுக்கிட்டு இருந்தியே." அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "துறைமுகத்தைக் கொடு. யோசிக்கிறேன்."

மாஸ்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சின்னவன் அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒரு சுருக்கமும் மாறவில்லை. ஒரு விரலால் அந்தத் துறைமுகத்துக்கான மரக்காயை அவர் பக்கம் தள்ளினாள்.

கல்லூரியில் முதலாவதாக வந்தவள் அவள். ஒரு வேலைக்கு மனு போட, பெயின்ட் அடித்த மரத்துண்டை விலையாகக் கொடுக்கிறாள். அதுவும் 'யோசிக்கிறேன்' என்ற ஒரு சொல்லுக்கு.

அடுத்த பேச்சுவார்த்தையில் அவன் தன் மூன்று துறைமுகங்களையும் அக்கா பக்கம் நகர்த்தினான்.

"என்ன மாப்ள இது?"

"கொடுக்கிறேன்."

"சும்மாவா? அக்காவும் தம்பியும் கூட்டுச் சேர்ந்தா இது என்ன ஆட்டம்?"

"பேச்சுவார்த்தையில எதையும் கொடுக்கலாம், வாங்கலாம்ங்க. பதிலுக்கு ஏதாவது தரணும்னு இல்ல" என்றாள் அக்கா, விதிப் புத்தகத்தைத் திறக்காமலே. அத்தான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. மாஸ்டர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

அதன் பிறகு அக்கா ஆடிய ஆட்டத்தைச் சின்னவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அத்தானின் கை நீள்வதற்குள் அவள் காய் நகர்ந்திருக்கும். மலையில் ஒரு படையைக் காட்டி அவரை அங்கே இழுத்தாள். ஆற்றில் அவருடைய சோற்றை மறித்தாள். அத்தான் கப்பலைக் கடிக்கும் சத்தம் நறநறவென்று கேட்டது. இன்னும் ஒரே ஒரு துறைமுகம்தான் வேண்டும். வடக்கே அத்தானின் துறைமுகம் காவலில்லாமல் திறந்து கிடந்தது. பக்கத்திலேயே அக்காவின் படை. சின்னக் குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

அக்கா அந்தப் படையைக் கப்பலில் ஏற்றினாள். ஒன்றுமே விளையாத ஒரு தீவுக்கு அனுப்பினாள்.

அத்தான் மூச்சை விட்டார். அந்தச் சுற்றிலேயே அக்காவின் கிழக்குத் துறைமுகங்களைப் பிடித்து ஜெயித்தும்விட்டார். "பார்த்தியா, அவசரப்பட்டே" என்று அவள் தோளைத் தட்டினார். "நல்லாத்தான் ஆடினே. கடைசியில பதறிட்டே. பொம்பளைங்களுக்கு அதுதான்."

"சார், ஆரம்பத்துலயே நெனச்சேன்" என்றார் மாஸ்டர்.

டம்ளர்களை எடுத்துக்கொண்டு அக்கா சமையலறைக்குப் போனாள். சின்னவன் பின்னாலேயே போனான்.

"வேணும்னேதானே தோத்தே?"

அவள் குழாயைத் திறந்துவிட்டாள். "மெதுவாப் பேசு."

"வடக்கால தொறந்து கெடந்தது. எனக்கே தெரியுது, உனக்குத் தெரியாதா?"

"தோத்தா ஒரு வாரத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவார். ஜெயிச்சா ராத்திரி வரைக்கும் எது கேட்டாலும் சரின்னுவார்." அவள் டம்ளரைத் தேய்த்தாள். "மனு போன வாரமே போட்டாச்சுடா. நேர்ல வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. அதை இன்னிக்குச் சொல்லணும். நீ பாட்டுக்கு மூணு துறைமுகத்தைத் தூக்கிக் கொடுத்துட்டே. அவர் உன்னைக் கோவிச்சுக்காதபடி தோக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?"

"நீ ஒரு வேலைக்குப் போக இவ்வளவு நடிக்கணுமா?"

"நீ பஸ் ஏறிப் போயிடுவே" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இருந்தது, அது அத்தான் மேல் இல்லை, தன் மேல்தான் என்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நான்தானே இங்க இருக்கணும்."

அவன் கழுவிய டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்தான். அத்தானைப் பார்த்து வந்த குமட்டல் ஒரு பக்கம். தான் வீரம் காட்டிவிட்டதாக நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துபோன நிமிஷத்தை நினைத்தால் அது இன்னும் மோசம்.

கூடத்தில் அத்தான் பெட்டியை அடுக்கி மூடி, மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன மாப்ள, எடுத்துக்கிறியா?"

"வேண்டாம் அத்தான்."

"ஆட்டம் பிடிக்கலியா?"

"ஆட்டம் நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன? விலையா? உனக்காகப் பாதியாக் குறைச்சுக்கிறேன். வெளியாளுக்கு இப்படிக் கொடுப்பேனா?" அவர் கண்ணைச் சிமிட்டினார். எதைச் சொன்னாலும் அது பேரம்தான் என்று நினைக்கிற மனுஷனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? சின்னவன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"எல்லாத்துலயும் உங்க பல்லு இருக்கு அத்தான்" என்றான்.

அத்தானுக்கு அது நகைச்சுவையாகப் பட்டது. உடம்பு குலுங்கச் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார்.

ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். நேர்காணல் நல்லபடியாக முடிந்ததாம். அத்தான் எதுவும் சொல்லவில்லையாம். அதோடு வைத்துவிடுவாள் என்று நினைத்தான்.

"பெட்டியை வாங்க அவர் சிநேகிதர் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வர்றார். விளையாடிப் பார்க்கணுமாம்" என்றாள். "மாஸ்டருக்கு ஒடம்பு சரியில்ல. நாலாவது ஆள் இல்ல. நீ வரியா?"

அந்த மேஜையும், நாக்கில் தொட்டுத் தொட்டு வந்த சீட்டுகளும், தெற்குத் துறைமுகத்தைத் தள்ளிய அந்த விரலும் சின்னவன் கண்ணுக்குள் வந்து போயின.

"இந்தத் தடவை ஒண்ணும் பண்ணாம உட்காரணும்" என்றாள் அக்கா. "முடியுமா?"

"முடியாதுன்னுதான் நினைக்கிறேன்" என்றான். "வரேன்."